கால் வலிக்கு மூலிகை வெந்நீர்: எந்த இலை, எவ்வளவு சூடு, யாருக்கு ஆகாது?

12 ஜனவரி 2025, மாலை. சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி ஒருவர் கேட்டது:
மழை விட்டபாடில்லை. அம்மாவுக்கு 68 வயது. முட்டியும் கணுக்காலும் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஊரில் என்றால் நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் காலை வைக்கச் சொல்வார்கள். இங்கே நொச்சிக்கு எங்கே போவது? எப்சம் உப்பு போட்டாலே போதும், அது தோல் வழியாக உள்ளே இறங்கி மூட்டைச் சரிசெய்துவிடும் என்று தோழி சொல்கிறாள். உண்மையா?

12 ஜனவரி, இரவு 9.10
அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? முதலில் அதைச் சொல்லுங்கள். உண்டென்றால் இன்றிரவு தண்ணீர் சுடவைக்க வேண்டாம்.

12 ஜனவரி, இரவு 9.35
சர்க்கரை இல்லை, பிரஷருக்கு மட்டும் மாத்திரை என்கிறீர்கள். அப்படியானால் வைக்கலாம். நொச்சிக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. செராய் (எலுமிச்சைப்புல்), இஞ்சி, கல்லுப்பு இதெல்லாம் எந்த ஈரச்சந்தையிலும் கிடைக்கும். மூன்று நான்கு செராய்த் தண்டைத் தட்டி, ஒரு விரல் நீள இஞ்சியை நசுக்கி, இரண்டு லிட்டர் தண்ணீரில் போட்டு மூடி வைத்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடாமல் விட்டால் வாசனை முழுக்க ஆவியோடு போய்விடும். வடிகட்டி அகலமான தொட்டியில் ஊற்றி, குழாய்த் தண்ணீர் கலந்து, கணுக்காலுக்கு மேலே நாலு விரல் நிற்கும்படி நிரப்புங்கள். ஒரு கைப்பிடி கல்லுப்பு. பதினைந்து நிமிடம் போதும்.

சூடு பார்ப்பது உங்கள் முழங்கையால். இதமாக இருக்க வேண்டும். சுரீரென்றால் இன்னும் பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டும். அம்மாவைப் பார்க்கச் சொல்லாதீர்கள், வயதானவர்களுக்குச் சூடு தாமதமாகத்தான் உறைக்கும். நடுவில் ஆறிப்போனால், காலை வெளியே எடுத்த பிறகுதான் வெந்நீரை ஊற்ற வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் வெந்நீரிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, பிறகு கையைப் பிடித்து எழுப்புங்கள். ஈரக் கால், ஈரத் தரை, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளியலறையில் செய்யாமல் கூடத்தில் நாற்காலி போட்டு, தொட்டிக்கு அடியில் பழைய துண்டை விரித்துச் செய்யுங்கள்.

13 ஜனவரி, மதியம்
எப்சம் உப்புக்கு வருகிறேன். அது மக்னீசியம் சல்பேட். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் ஊற்று நீரைக் காய்ச்சி எடுத்ததால் அந்தப் பெயர். போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் தோல் இருப்பதே வெளியில் உள்ளதை உள்ளே விடாமல் காக்கத்தான். கால் மணி நேரத்தில் மக்னீசியம் தோலைத் தாண்டி மூட்டுவரை போய் வேலை செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. உங்கள் தோழிக்கு வலி குறைந்தது உண்மையாகவே இருக்கும். குறைத்தது வெந்நீர். சூட்டில் ரத்தக்குழாய் விரிகிறது, இறுகிக் கிடந்த தசை தளர்கிறது, விறைத்த மூட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கிறது. பாத்திரத்தில் எந்த உப்பு இருந்தாலும் இது நடக்கும்.

நான் பேசுவது அனுபவத்தில். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை வைத்திருக்கிறேன். விடிவதற்கு முன்னால் அடுப்பு பற்றவைத்தால், இரண்டாவது இடைவேளைக்கூட்டம் போகும்வரை உட்கார வழியில்லை. ரப்பர் செருப்பு, சிமெண்டுத் தரை. வீட்டுக்கு வரும்போது குதிகால் தரையில் படாது. இலை போட்டும் வைத்திருக்கிறேன், வெறும் வெந்நீரிலும் வைத்திருக்கிறேன். வலி குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மனசுக்கு மட்டும் இலை போட்ட தண்ணீர்தான் பிடிக்கிறது. அந்த வாசனை வந்ததுமே தோள் இறங்குகிறது. அதுவும் ஒரு பலன்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

14 ஜனவரி
பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். இன்றைக்கு வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டே இருந்திருப்பீர்கள். பானை கழுவும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுக் காலைத் தண்ணீரில் வையுங்கள்.

15 ஜனவரி, இரவு
நொச்சி எங்கே கிடைக்கும் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். தேக்கா சந்தையிலும் பஃப்ளோ ரோட்டுக் காய்கறிக் கடைகளிலும் சொல்லிவைத்துப் பாருங்கள். வேப்பிலை, முருங்கைக்கீரை மாதிரி தினமும் வரும் சரக்கு இல்லை. சிராங்கூன் ரோட்டு நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த இலையோ பொடியோ கேட்கலாம். பொடி என்றால் துணியில் முடிந்து போடுங்கள், நேராகப் போட்டால் தொட்டி முழுக்கச் சேறு.

அதைவிட நல்ல வழி, உங்கள் புளோக்குக்குப் பக்கத்துச் சமூகத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய திட்டத்தால் இன்று பல பேட்டைகளில் தோட்டம் இருக்கிறது, பெரும்பாலும் வயதானவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் தோட்டத்துத் தாத்தாவிடம் நொச்சி, கற்பூரவள்ளி, ஆடாதோடை மூன்றும் உண்டு. கேட்டால் ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்து, எந்த வலிக்கு என்று பத்து நிமிடம் விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவார். கேட்காமல் பறிக்காதீர்கள். பூங்காவிலும் சாலையோரத்திலும் உள்ள மரத்திலிருந்து ஒடிப்பது சட்டப்படி தவறு, அபராதம் உண்டு.

மலாய்க்காரர்கள் சோற்றில் போடும் லெமுனி இலை நொச்சியின் ஒன்றுவிட்ட தங்கச்சி, நம் ஊரில் நீர்நொச்சி என்பது. நொச்சியில் பெரும்பாலும் ஐந்து இலை விரிந்து நிற்கும், இதில் மூன்று. வாசனை கிட்டத்தட்ட அதே. கெய்லாங் செராய் சந்தையில் விசாரித்துப் பாருங்கள்.

15 ஜனவரி, கொஞ்சம் பிறகு
எருக்கிலை போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. ஊரில் செய்முறை தெரிந்த பாட்டி பக்கத்திலிருந்து செய்தது வேறு.

மஞ்சள் போடலாம். தொட்டியும் துண்டும் நகமும் மஞ்சளாகும், அவ்வளவுதான்.

18 ஜனவரி
சர்க்கரை இருப்பவர்கள் பற்றி விரிவாக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டே தள்ளிப்போட்டேன். எழுத மனம் கனக்கிறது. ஆனாலும் இந்தக் கேள்வி-பதில் இழையில் இதுதான் முக்கியம்.

என் மாமனாருக்குப் பல வருடச் சர்க்கரை. பாதத்தில் மரமரப்பு இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. வயசானால் அப்படித்தான் என்று இருந்துவிட்டார். மழைக்காலத்தில் அத்தை பாசமாக வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தார். சூடு போதுமா என்று கேட்டதற்கு இன்னும் ஊற்று, சூடே தெரியவில்லை என்றிருக்கிறார். ஊற்றினார். மறுநாள் காலுறை ஈரமாக இருந்தபோதுதான் பாதத்தில் கொப்புளம் உடைந்திருப்பது தெரிந்தது. அதுவரைக்கும் வலியே இல்லை. கட்டுப் போடப் பாலிகிளினிக்குக்கு அலைந்தது மாதக்கணக்கில். கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். அத்தை இன்றைக்கும் அந்தத் தொட்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. சர்க்கரை பாதத்து நரம்பைத் தின்றிருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

நடப்பது இதுதான். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்து நரம்புகள் கெடுகின்றன, சூடும் வலியும் மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னப் புண்கூட ஆறாது. சூடு சரியாகவே இருந்தாலும், நெடுநேரம் ஊறிய தோல் தன் எண்ணெய்ப் பசையை இழந்து, பிறகு காய்ந்து வெடிக்கிறது. அந்த வெடிப்பு வழியாகக் கிருமி நுழைகிறது. சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தை ஊறவைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவலாம். கழுவியதும் விரலிடுக்கு உட்பட ஒற்றித் துடைக்க வேண்டும். குதிகாலுக்கும் மேல்பாதத்துக்கும் கிரீம் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் கூடாது. ஹாட் வாட்டர் பேக், ஹீட்டிங் பேட் எதையும் பாதத்தில் வைக்கக் கூடாது.

சிங்கப்பூரில் நம் இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும்தான் நீரிழிவு கூடுதல். 2016-இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. அதனால் நம் வீட்டுப் பெரியவருக்குத் தொட்டி எடுப்பதற்கு முன்னால் கடைசியாகச் சர்க்கரை பார்த்தது எப்போது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாலிகிளினிக்கில் வருடத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை செய்கிறார்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வலியே கிடையாது. தவறவிடாதீர்கள்.

19 ஜனவரி
“என் தாத்தா சர்க்கரையோடு முப்பது வருடம் வெந்நீரில் கால் வைத்தார், ஒன்றும் ஆகவில்லை” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தாத்தாவின் நரம்பு நன்றாக இருந்திருக்கிறது, சந்தோஷம். யாருடைய நரம்பு நன்றாக இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதே தம்பி. என் மாமனார் கடைசி நாள்வரை புளோக்கைச் சுற்றி நடந்தவர்.

19 ஜனவரி, இரவு
அப்படியானால் சர்க்கரைக்காரர்கள் கால் அசதிக்கு என்னதான் செய்வது? நியாயமான கேள்வி. தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கணுக்காலைச் சுழற்றுங்கள். பாதத்தை முன்னும் பின்னும் மடக்கி நீட்டுங்கள். புண்ணோ வெடிப்போ இல்லையென்றால் வீட்டில் ஒருவர் கையில் தேங்காய் எண்ணெய் எடுத்து மெதுவாக உள்ளங்காலைப் பிடித்துவிடலாம். பிடிப்பவர் அப்படியே பாதத்தின் அடியையும் பார்த்துவிட வேண்டும், சிவப்பு, கொப்புளம், நிறமாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று. என்னைக் கேட்டால் இலையைவிடவும் உப்பைவிடவும் பெரிய வைத்தியம் இந்தப் பார்வை. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் அதேதான். வெந்நீரில் கால் வைக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் வீட்டில் இன்னொருவர் அவர் பாதத்தை உற்றுப் பார்க்கிறார். வேறு எப்போது பார்க்கிறோம்?

22 ஜனவரி
வெந்நீர் ஆகாத வேறு சில நிலைமைகள். கேள்விகளிலிருந்து சேர்த்தது.

கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது கௌட்டாக (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வலி) இருக்கலாம். அந்த நேரத்தில் சூடு வைத்தால் வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், பிறகு மருத்துவர். கால் பிசகிய முதல் இரண்டு நாளும் அப்படியே, குளிர்ச்சிதான். நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும் கால்கள், எங்கள் சிற்றுண்டிச்சாலையில் பாதிப் பேருக்கு உண்டு, வெந்நீரில் இன்னும் கனத்துப்போகும். அவர்களுக்குக் காலை உயர்த்தி வைப்பதும் குளிர்ந்த தண்ணீரும்தான் சுகம். ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்துச் சூடாக இருந்தால் அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ரத்தக்கட்டாக இருக்கலாம். அந்தக் காலை நீவவே கூடாது.

30 ஜனவரி
சீனப் புத்தாண்டு விடுமுறையில் செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்தேன். 2020 ஜனவரியில் பூங்காவாகப் புதுப்பித்துத் திறந்த பிறகு முதல்முறை. ஊற்றுவாயில் சுமார் 70 டிகிரி, முட்டை வேகிறது. படிப்படியாக இறங்கும் குளங்களில் ஆறி, காலை வைக்கும் இடத்துக்கு வரும்போது சுமார் 40. சீன ஆண்ட்டிகள், மலாய் மாக்சிக்குகள், நம் ஆட்கள் எல்லாரும் ஒரே வரிசையில் பேன்ட்டை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த ஆண்ட்டி வீட்டில் மாச்சிபத்திரி போட்டு வைப்பாராம். மாக்சிக் ஒருவர் பிள்ளை பெற்ற மகளுக்கு லெங்குவாஸ் (பேரரத்தை), செராய், எலுமிச்சை இலை எல்லாம் போட்டுக் குளிப்பாட்டியதைச் சொன்னார். நம் வீட்டு வேது குளியல்தான், இலை மட்டும் வேறு. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் இலை, எல்லாவற்றிலும் பொதுவாக வெந்நீர். 13-ஆம் தேதி எழுதியதற்கு அந்த வரிசையே சாட்சி.

30 ஜனவரி, இரவு
ஒரு திருத்தம் சேர்க்கிறேன். அந்த 40 டிகிரியை வீட்டில் குறியாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆரோக்கியமான காலுக்கு 40 உச்சவரம்பு. வயதானவர்களுக்கு 37, 38 போதும். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது போடும் தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

2 பிப்ரவரி
துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து எழுதிய தம்பிக்கு. பாதுகாப்புக் காலணி போட்டு நாள் முழுக்க நிற்கிறீர்கள், விரலிடுக்கு வெள்ளையாக ஊறி அரிக்கிறது, வேப்பிலைத் தண்ணீர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது தம்பி. அது சேற்றுப்புண், பூஞ்சை. அதற்கு ஈரம்தான் சாப்பாடு, நீங்கள் மறுபடியும் ஊறவைத்தால் விருந்து வைத்த மாதிரி. மருந்துக்கடையில் பூஞ்சைக்கான கிரீம் கேட்டு வாங்குங்கள், ஆறிவிட்டதாகத் தெரிந்தாலும் அவர்கள் சொன்ன நாள்வரை தடவுங்கள். இரண்டு ஜோடி காலுறை கொண்டுபோய் மதியம் மாற்றுங்கள். காலணியை இரவில் நாக்கை வெளியே இழுத்து, மின்விசிறிப் பக்கம் வையுங்கள். புண் முழுதாக ஆறிய பிறகு அசதிக்கு வெந்நீர் வைக்கலாம். விடுதியில் ஒருவர் வைத்த தொட்டியை இன்னொருவர் கழுவாமல் பயன்படுத்த வேண்டாம்.

9 பிப்ரவரி
செவ்வாய்க்கிழமை தைப்பூசம். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் வெறுங்காலோடு நடக்கப்போகிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் நேராக மூலிகைத் தண்ணீரில் காலை விடாதீர்கள். முதலில் சாதாரணத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். கல் குத்தியிருக்கிறதா, கொப்புளம் உடைந்திருக்கிறதா? இருந்தால் அன்றைக்கு ஊறவைக்க வேண்டாம், சுத்தமான கட்டுதான். தோல் முழுதாக இருந்தால் மட்டும் செராய்த் தண்ணீர். சர்க்கரை இருந்தும் காவடி எடுப்பவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

12 பிப்ரவரி
நேற்றிரவு என் தம்பி பால்குடம் எடுத்துவிட்டு வந்தான். கொப்புளம் இல்லை. வைத்தான், வைத்த இடத்திலேயே தூங்கிவிட்டான். இதற்கும் காரணம் இருக்கிறது. காலும் கையும் சூடாகி ரத்தக்குழாய் விரிந்தால் உடம்பின் உள்சூடு வெளியே கடத்தப்பட்டுக் குறைகிறது, அப்போது தூக்கம் சீக்கிரம் வருகிறது. 1999-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதைப் பார்த்து எழுதினார்கள். தூக்கம் வராமல் புரளும் பெரியவர்களுக்குப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்துப் பாருங்கள்.

20 பிப்ரவரி
“வெந்நீரில் கோடாலித் தைலம் நாலு சொட்டு விடலாமா?” விட வேண்டாம். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, மேலே மிதந்து ஒரே இடத்தில் தோலில் ஒட்டி எரிக்கும். வெந்நீரில் வைத்த கையோடு தைலமோ பாமோ அழுத்தித் தேய்ப்பதும் சரியில்லை, விரிந்த தோலில் எரிச்சல் இரட்டிப்பாகும். கால் நன்றாகக் காய்ந்து ஆறிய பிறகு கொஞ்சமாகத் தடவுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வலித்தைலம் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தேய்க்கக் கூடாது. அந்தத் தைலங்கள் பலவற்றில் உள்ள மெத்தில் சாலிசிலேட் அந்த மருந்தின் வேலையைக் கூட்டிவிடும்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் டஜன் கணக்கில் வாங்கிப்போய்க் கொடுக்கும் தைலம் என்பதால் கோபம் வரும் என்று தெரியும். நானும் வாங்கித்தான் போகிறேன்.

1 மார்ச்
உட்லண்ட்ஸ் தங்கச்சி திரும்பி வந்திருக்கிறார். அம்மாவுக்குக் கணுக்கால் தேவலை, முட்டி மட்டும் அப்படியே இருக்கிறதாம். அப்படித்தான் இருக்கும். தண்ணீர் கணுக்காலோடு நிற்கிறது, முட்டிக்கு எப்படி எட்டும்? முட்டிக்குக் கிழி ஒத்தடம் கொடுங்கள். நொச்சி கிடைத்தால் விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, கிடைக்காவிட்டால் கல்லுப்பை வாணலியில் வறுத்து முடிந்து, உங்கள் முன்னங்கையில் வைத்துப் பார்த்த பிறகு அம்மாவுக்கு.

ஒத்தடம் கொடுத்ததும் விறைப்பு தளர்ந்திருக்கும் நேரத்தில் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். தேய்ந்த முட்டியைத் தாங்குவது தொடைத்தசை, அது வலுப்பெற்றால்தான் நடை நிமிரும். ஒத்தடம் வலியைத் தணித்து அந்தப் பயிற்சிக்கு வழிவிடுகிறது. பாலிகிளினிக்கில் கேட்டு இயன்மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். பயிற்சியில் எது அம்மாவுக்குப் பொருந்தும் என்று அவர்கள்தான் முட்டியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியும்.

2 மார்ச்
தொட்டியைப் பற்றிக் கேட்டவருக்கு. இலையை வடிகட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், குளியலறை வடிகாலில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும். தண்ணீரை உடனே கொட்டி, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். நாளைக்கும் ஆகும் என்று பால்கனியில் வைத்துவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும், டெங்கி வரும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்க்கும்போது கொசுப்புழு இருந்தால் அபராதமும் வரும். ஒருமுறை காய்ச்சிய இலையை மறுமுறை காய்ச்ச வேண்டாம், வாசனையும் இருக்காது.